கொட்டாய்க்குள்ள பத்து மணிச் சத்தம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அங்கயே விடுங்க. வீடு பாக்க வந்தவருன்னு கேட்டைத் தொறக்கறப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். வாடகைக்கு வீடு தேடற ஆளு முதல்ல தண்ணித் தொட்டியத்தான் பாப்பான். நீங்களும் பாத்தீங்க. முப்பத்தி ரெண்டு வருசம் பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவனுங்க நான். பேரு அர்த்தநாரி. கரூரு, சேலம், திருச்சி, எந்த ரூட்டா இருந்தாலுஞ் சரி, வண்டியில ஏறி ஒரு சுத்து மூஞ்சியப் பாத்தாப் போதும், டிக்கெட் எடுக்காதவன் யாருன்னு சொல்லிப்போடுவேன். சன்னலுக்கு வெளிய ரொம்ப அக்கறையா வேடிக்கை பாக்கறவன் எவனோ, அவன்தான்.

நீங்க ஏனுங்க இப்பச் சன்னலைப் பாக்கறீங்க? சும்மா கேட்டேன். உக்காருங்க.

ரெண்டு ரூமு, ஒரு அடுப்படி, குளிக்கற ரூமு தனி. பின்னால பொடக்காளி, அந்தக் காலி எடமும் தொவைக்கற கல்லும் நமக்கும் உங்களுக்கும் பொது. ஆனா அந்தக் கடைசியில ஒரு ஆஸ்பெட்டாஸ் கொட்டாய் தெரியுது பாருங்க, அது மட்டும் கெடையாது. இப்பவே சொல்லிப்போடறேன். முன்னாடி இருந்தவனுக்கு அதையும் சேத்துத்தான் குடுத்திருந்தேன். அதுலதான் எல்லா வம்பும் வந்துச்சு. அவன் ஏன் காலி பண்ணிட்டுப் போனான்னு தெருமுக்கு டீக்கடையில ஒரு மாதிரி சொல்லியிருப்பாங்க. அதை நம்பாதீங்க. நடந்ததை நான் சொல்றேன்.

அவன் பேரு இன்னாசி. மணப்பாறைப் பக்கத்து ஆளு. நாப்பது வயசு இருக்கும், தனி ஆளு. பொண்டாட்டி தவறிப்போச்சுன்னான். பைபாஸ்ல லாரிப் பட்டறையில ஸ்பிரிங் கட்டற வேலை. லாரிக்கு அடியில பட்டை பட்டையா அடுக்கி வெச்சிருப்பாங்கல்ல, அதை மாத்திப் போடறது. ஆனி மாசம் குடிவந்தான். வந்த அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஏன்னு கேளுங்க. நான் பத்துக் கேள்வி கேட்டா அவன் ரெண்டுக்குத்தான் பதில் சொன்னான். நல்ல மனுசன் எதுக்குங்க வார்த்தையை அளந்து பேசணும்?

ஆனா எம் பொண்டாட்டி சம்பூர்ணம், "பாவம், அவரு நல்லவராட்டத் தெரியுதுங்க, குடுங்க"ன்னு சொன்னா. அவளுக்கு எல்லாருமே நல்லவங்கதான். வெளி உலகம் தெரியாதவ. கலியாணம் ஆன நாள்ல இருந்து அடுப்படி, கோயிலு, செவ்வாக்கிழமைச் சந்தை, இதைத் தாண்டிப் போனதில்ல. நானும் போக விட்டதில்ல, எதுக்குச் சொல்றேன், அவளுக்கும் போகணும்னு தோணினதில்ல.

ஆடி பொறந்து ஒரு வாரம் இருக்கும். பாலு ஊத்தற பாப்பாத்தி எங்கிட்டக் கேட்டுச்சு, "ஏனுங்கண்ணா, உங்க வூட்டுக்குப் பின்னால பட்டறை கிட்டறை போட்டிருக்கீங்களா? பத்து மணியானா டங்கு டங்குன்னு சத்தம் வருது"ன்னு. நான் தெனமும் பத்து மணிக்கு ஓய்வுபெற்றோர் சங்கத்துக்குப் பேப்பர் படிக்கப் போயிருவேன், வர்றதுக்குப் பன்னெண்டரை ஆயிரும். நான் இல்லாத நேரமாப் பாத்துச் சத்தம் வருதுன்னா என்ன அர்த்தம்?

அதுலயும் ஒரு விசயம் பாருங்க. இன்னாசி எட்டு மணிக்கே வேலைக்குப் போயிருவான். அவனும் இல்ல, நானும் இல்ல. அப்பச் சத்தம் போடறது யாரு? ரொம்ப யோசிச்சு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உள்ள இன்னொருத்தன் இருக்கான். எவனையோ கொண்டாந்து ஒளிச்சு வெச்சிருக்கான்.

சம்பூர்ணத்துக்கிட்டச் சொன்னேன். "அப்பிடியெல்லாம் யாரும் இல்லீங்க. தேங்கா ஒடைச்சிருப்பாங்க"ன்னா. ரெண்டரை மணி நேரம் எவனுங்க தேங்கா ஒடைப்பான்? இதுதான் நான் சொல்றது, வெவரம் பத்தாது.

அப்புறமேட்டு ஒவ்வொண்ணா கண்ணுல பட ஆரம்பிச்சுது. கொட்டாங்குச்சியெல்லாம் மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில போட்டிருந்தேன். மூணு மூட்டை. போயிப் பாத்தா ஒரு மூட்டை கூட இல்ல. சம்பூர்ணம், வெந்நி காய வெச்சேன்னா. ஆடி மாசத்துல எதுக்கு வெந்நின்னு கேட்டேன், தோள்பட்டை வலின்னா. வலி இருந்தது நெசந்தாங்க. சோத்துக் கையைத் தூக்கவே முடியல. டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு, "பெரியம்மா, கனமா ஏதாச்சும் வேலை செய்யறீங்களா?"ன்னு கேட்டாரு. நான்தான் சொன்னேன், "ஊட்டுல என்னங்க வேலை, ரெண்டு பேருக்குச் சோறாக்கறதுதான்"னு. அவ சீலையை இழுத்துத் தோளை மூடிக்கிட்டா.

அப்புறம் எங்க மச்சினன் விட்டுட்டுப் போன ஆயுதப் பெட்டி ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. அதுல ரெண்டு பழைய அரம் இருந்துச்சு, இரும்பு ராவற அரம். ரெண்டும் காணோம். கடலெண்ணெய் டின்னு மாசக் கடைசி வரைக்கும் வரும், பத்து நாள் முன்னாலயே தீந்துபோச்சு. சம்பூர்ணத்தோட சீலையில பொட்டுப் பொட்டா ஓட்டை. கொடியில காயப் போட்ட சீலையில எப்படிங்க ஓட்டை விழும்? கொட்டாயில இருந்து நெருப்புப் பொறி பறந்து வந்து பட்டிருக்கு. நான் அப்பவே கண்டுபிடிச்சுட்டேன். அவகிட்டக் காட்டி, "பாத்தியா, உன் நல்லவன் பண்ற வேலையை"ன்னேன். அவ அந்தச் சீலையை வாங்கி மடிச்சு வெச்சுட்டு, "இனிமே பழைய சீலையாக் கட்டிக்கறேனுங்க"ன்னா.

வாடகைக்கு விட்டாச்சுன்னா அது அவங்க எடம். நான் போயி கதவைத் தொறந்து பாக்க மாட்டேன். அந்த நாகரிகம் எனக்கு இருக்குதுங்க. கொட்டாய்ச் சுவத்துல ஒரு செங்கல்லு பேந்து போன சந்து இருக்கு. அது வழியாப் பாப்பேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் பாத்தேன். தம்பி, கேளுங்க. செங்கல்லை அடுக்கி மண்ணு பூசி ஒரு கொல்லன் ஒலை. பக்கத்துல கையால சுத்தற புளோயர், காத்தடிக்கறதுக்கு. லாரிப் பட்டைத் துண்டுங்க ஒரு குவியல். ஒரு பலகை மேல வரிசையா கத்தி. சின்னச் சின்னக் கத்தி. மூணு இருந்துச்சு. எல்லாத்தையும் விட நடுவுல, மரக்கட்டை மேல, ஒரு முழ நீளத்துக்குத் தண்டவாளத் துண்டு! ரயில் ஓடற தண்டவாளம்! அதை எதுக்குங்க ஒருத்தன் வெச்சிருப்பான்? சங்கத்துல எங்க கூட்டாளி நாச்சிமுத்து, கண்டக்டரா இருந்தவரு, அவருகிட்டச் சொன்னேன். "அர்த்தநாரி, இது பெரிய எடத்து வேலை. தண்டவாளத்தை அறுக்கறவன் வேற என்னவெல்லாம் பண்ணுவான்"னாரு. அவரு சொன்னதுக்கப்புறம் பாப்பாத்திகிட்டக் கேட்டுக் கேட்டுச் சத்தம் வந்த நேரத்தையெல்லாம் எழுதி வெச்சேன்.

கையும் களவுமாப் புடிக்கலாம்னு ஒரு நாள் சங்கத்துல இருந்து பதினொரு மணிக்கே திரும்பி வந்தேன். தெரு முனையில வர்றப்பவே சத்தம் கேக்குது. டங்கு, டங்கு, டங்கு. நம்ம கேட்டு தொறந்தா கிரீச்சுங்குமே, நீங்க வர்றப்பக் கேட்டிருப்பீங்க. அது கத்தின ஒடனே சத்தம் நின்னு போச்சு. நான் ஓடிப் பின்னால போறேன், கொட்டாய் பூட்டியிருக்கு. தொவைக்கற கல்லுக்கிட்டச் சம்பூர்ணம் மூஞ்சி கழுவிட்டு நிக்கறா. மூஞ்சியெல்லாம் செவந்து, வேர்த்து வழியுது. "யாராச்சும் இந்தப் பக்கம் ஓடினானா?"ன்னு கேட்டேன். "ஒருத்தரும் ஓடலீங்க"ன்னா. "மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?"ன்னேன். "அனலுங்க"ன்னா. அடுப்படி அனலு. பாவம், அவளையும் எவனோ மிரட்டி வெச்சிருக்கான்னு எனக்கு அன்னைக்கே சந்தேகம்.

சந்தைப்பேட்டைப் பழைய இரும்புக்கடையில போயி விசாரிச்சேன். மணப்பாறைக்காரன் எவனாச்சும் தண்டவாளத் துண்டு வாங்கினானான்னு. கடைக்காரன் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "மணப்பாறைக்காரரு யாரும் வாங்கலீங்க"ன்னான். சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அவனும் கூட்டுன்னு முடிவு பண்ணினேன்.

ஐப்பசி மாசம் ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுத்தேன். ரெண்டு பக்கம். தேதி, நேரம், சத்தம் எத்தனை நிமிசம், எல்லாம். அங்க ஒரு எஸ்.ஐ. அம்மா இருந்தாங்க, தங்கமான பொண்ணு. தண்டவாளம்னு படிச்ச ஒடனே அவங்களுக்கும் மொகம் மாறிப்போச்சு. ஜீப் நேராப் பட்டறைக்குப் போயி, வேலையில இருந்த இன்னாசியை அப்பிடியே கிரீஸ் கையோட ஏத்திக்கிட்டு இங்க வந்துச்சு. தெருவே கூடிப்போச்சு. பாப்பாத்தி பாலுக் கேனை வெச்சுட்டு நிக்குது.

இன்னாசிகிட்டச் சாவி வாங்கித் தொறந்தாங்க. எல்லாம் நான் எழுதிக் குடுத்த மாதிரியே இருந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. எஸ்.ஐ. அம்மா ஒரு கத்தியை எடுத்துக் காட்டி, "ஏய்யா, இதெல்லாம் எதுக்கு? யாருக்குப் பண்ணிக் குடுக்கற?"ன்னு கேட்டாங்க. இன்னாசி தரையப் பாத்துட்டு நிக்கறான். வாயே தொறக்கல. ஒரு தடவை, ரெண்டு தடவை கேட்டாங்க. ஒரு போலீஸ்காரரு கையைப் புடிச்சாரு. அப்பவும் பேசல. "பாத்தீங்களாங்க, பேச மாட்டேங்கறான்"னு நான் சொல்றேன்.

அப்ப அடுப்படிக் கதவுக்கிட்ட இருந்து சம்பூர்ணம் வந்தா. முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டே வந்தா. "அவர விடுங்கம்மா. அது நான் பண்ணினதுங்க"ன்னா.

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். "நீ உள்ள போ"ன்னேன்.

அவ போகல. எஸ்.ஐ. அம்மாவைப் பாத்தே பேசினா. "பட்டைத் துண்டு மட்டும் இவரு பட்டறையில வீணாக் கெடக்கறதைக் கொண்டாந்து குடுத்தாரு, மொதலாளிகிட்டக் கேட்டுத்தான். கொட்டாயி சும்மாதானக்கா கெடக்குது, வெச்சுக்கங்கன்னு இன்னொரு சாவியும் குடுத்தாரு. மத்ததெல்லாம் நானே போன்ல பாத்துப் பண்ணினதுங்க. இந்த ரெண்டும் வெடிச்சுப்போச்சு பாருங்க, அது காய்ச்சித் தண்ணியில முக்கினது. தண்ணி ஆகலீங்க. அப்புறமேட்டு எண்ணெயில முக்கினேன். அதோட விட்டாலும் ஒடைஞ்சு போகுது, மறுபடி லேசா அனல்ல காட்டி, வைக்கோல் நெறம் வர்ற வரைக்கும் வெச்சிருக்கணும். இது மூணாவது. இதுதான் கொஞ்சம் நல்லா வந்துச்சு. அந்தத் தண்டவாளம் சந்தைப்பேட்டைக் கடையில வாங்கினேன், சீட்டு இருக்குதுங்க."

எடுத்துக் குடுத்தா. அரிசி டப்பாவுல வெச்சிருந்தா அந்தச் சீட்டை.

எஸ்.ஐ. அம்மா அந்த மூணாவது கத்தியை எடுத்து, கீழ கெடந்த வேப்பங்குச்சியைச் சீவிப் பாத்தாங்க. சுருள் சுருளா விழுந்துச்சு. "எதுக்கும்மா உங்களுக்கு இந்த வேலை?"ன்னு கேட்டாங்க. "எங்க ஊட்டுல எந்தக் கத்தியும் வெட்டறதில்லீங்க. நல்லதா ஒண்ணு வேணும்னு ஏழு வருசமாச் சொல்றேன். இருக்கறதுக்கு என்ன கொறைங்கறாரு. சரி, நாமளே பண்ணிப் பாப்பம்னு ஆரம்பிச்சேன். அப்புறம் விட முடியலீங்க"ன்னா.

அந்தம்மா என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. நான் எழுதிக் குடுத்த ரெண்டு பக்கத்தை மடிச்சு எங்கையிலயே குடுத்துட்டு, இன்னாசிகிட்ட, "போய்யா, வேலையப் பாரு, தப்பா நெனைச்சுக்காத"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஆனா ஊரு சும்மா இருக்குமா? போலீஸ் ஜீப்புல ஏத்திட்டுப் போன ஆளுன்னு பட்டறையில பேச்சாயிப்போச்சு. மூணு நாள்ல இன்னாசி சாமானையெல்லாம் கட்டினான். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சாவியக் கல்லு மேல வெச்சுட்டு, அவகிட்ட மட்டும், "வர்றேனுங்கக்கா"ன்னான். அவ அந்த மூணாவது கத்தியைத் துணியில சுத்தி அவன் கையில குடுத்தா. நான் வெச்ச கண்ணு வாங்காமப் பாத்துட்டு இருந்தேன், வேற ஏதாச்சும் கை மாறுதான்னு. ஒண்ணும் மாறல.

நீங்க என்னைய அப்பிடிப் பாக்க வேண்டாம் தம்பி. எனக்கு அவன் மேல பகையா? சந்தேகப்பட்டேன், சட்டப்படி எழுதிக் குடுத்தேன். அவனைப் போயிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கன்னு இவளும் சொல்றா. போகணும். போலாம்னுதான் இருக்கேன்.

அவன் போனதுக்கப்புறமும் எனக்கு நம்பிக்கை வரல. அவ பாவம் பாத்துத்தான் பழியத் தாம்மேல போட்டுக்கிட்டான்னே நெனைச்சேன். போன்ல நாலு வீடியோ பாத்தா யாரு வேணாலும் வைக்கோல் நெறம்னு பேசிறலாம். அம்பத்தெட்டு வயசுப் பொம்பளைங்க. கொழம்புச் சட்டியத் தூக்கறப்பவே கை நடுங்கும், நான் பாத்திருக்கேன். சோறு போடுவா, தண்ணி வெப்பா, ஒரு வார்த்தை பேச மாட்டா. பதினோரு நாள் அப்பிடியே ஓடுச்சு. பன்னெண்டாம் நாளு நானே கேட்டேன், "நெசமாலுமே நீதான்னா எங்கண்ணு முன்னால ஒண்ணு பண்ணிக் காட்டு."

அவ என்ன சொன்னா தெரியுங்களா? "உங்களுக்குக் காட்டறதுக்காகப் பண்ண மாட்டேனுங்க. நாளைக்கு வெடியக்காலையில நான் பண்ணுவேன். வேணும்னா வந்து நில்லுங்க."

எங்கிட்ட அவ அப்பிடிப் பேசினதே இல்லீங்க.

போயி நின்னேன். அவ எம் பழைய காக்கிச் சட்டையைச் சீலைக்கு மேல போட்டுக்கிட்டு, தலைக்குத் துண்டு கட்டிக்கிட்டு நின்னா. கொட்டாங்குச்சிக் கரியப் போட்டு, எடது கையில புளோயரைச் சுத்தறா, சோத்துக் கையில குறடு. பட்டைத் துண்டு கறுப்பா இருந்து, செவப்பாகி, ஆரஞ்சு நெறத்துக்கு வருது. எடுத்துத் தண்டவாளத்து மேல வெச்சு அடிச்சா பாருங்க. அந்தக் கையாங்க நடுங்கற கை? ஒரு அடி கூட வெலகல. அஞ்சாறு அடி, மறுபடி நெருப்பு. மறுபடி அஞ்சாறு அடி. கோணலாப் போனா குறட்டைத் திருப்பி, ஒரு பக்கமாத் தட்டி நேராக்கறா. பொறி பறந்து கையில விழுது, தட்டி விடக்கூட இல்ல. முழங்கைக்குக் கீழ பாத்தேன், பழைய சூட்டுத் தழும்பு ஏழெட்டு இருந்துச்சு. தெனமும் சோறு போடற கைதானுங்க அது. எனக்குத் தெரியல.

நான் நிக்கறது அவளுக்கு ஞாபகமே இல்லன்னு தோணுச்சு. இருமிப் பாத்தேன். திரும்பல. கொஞ்ச நேரம் கழிச்சு, இரும்புல இருந்து கண்ணை எடுக்காம, "சும்மா நிக்கறதுக்கு இதைச் சுத்துங்க"ன்னா.

சுத்தினேன். "வேகமா வேண்டாம், ஒரே சீரா"ன்னா. சீராச் சுத்தினேன். எனக்கு வேர்த்து ஊத்துது, அவளுக்கு ஒண்ணுமில்ல.

அப்பத்தான் கேட்டேன். மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. "ஏன் சம்பூர்ணம், இன்னாசிக்குத் தெரியும், இரும்புக்கடைக்காரனுக்குத் தெரியும். அந்தப் பாப்பாத்திக்குக் கூடத் தெரியுமாமே, சத்தம் கேட்டு அடுத்த வாரமே எட்டிப் பாத்துட்டாளாமே. எங்கிட்ட மட்டும் ஏன் மறைச்ச?"

"நான் மறைக்கலீங்க"ன்னா. "பாலுக்காரிகிட்டக் கேட்டீங்க. சங்கத்துல கேட்டீங்க. கடையில கேட்டீங்க. ஸ்டேஷன்ல போயி ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தீங்க. அதைப் பண்றது நீயான்னு என்னைக் கேக்கவே இல்லீங்களே."

நான் புளோயரைச் சுத்தறதை நிறுத்திட்டேன். அப்புறம் கேட்டேன், "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பியா?"

அவ அடிக்கறதை நிறுத்தினா. அந்தத் துண்டைக் கண்ணுக்கு நேராத் தூக்கி, ஒரு பக்கம் பாத்தா, மறுபக்கம் பாத்தா. யோசிக்கறாளா, இரும்பைப் பாக்கறாளான்னு எனக்குத் தெரியல. அப்புறம் மறுபடி நெருப்புல வெச்சுட்டு, "சுத்துங்க, அனலு எறங்குது"ன்னா.

அதுக்கு என்னங்க அர்த்தம்? சொல்லியிருப்பேன்னு அர்த்தமா, மாட்டேன்னு அர்த்தமா? இருபத்தி ரெண்டு நாளாச்சு. தெனமும் வெடியால போயிச் சுத்திக் குடுத்துட்டுத்தான் இருக்கேன். இன்னும் சொல்ல மாட்டேங்கறா.